நாற்றங்காலின் நாட்கணக்கு

2025 ஏப்ரல் 28 அன்று ஜெய்ப்பூரில், 14 வயதுச் சிறுவன் வைபவ் சூர்யவன்ஷி 35 பந்துகளில் நூறு அடித்தபோது நாடே எழுந்து நின்று கைதட்டியது. அன்று அவனுக்குப் பந்து வீசியவர்களில் ஒருவரான இஷாந்த் சர்மா, அவன் பிறப்பதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு முன்பே டெஸ்ட் ஆடத் தொடங்கியவர். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அடுத்த நாள் காலையிலேயே தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் ஆட்டக்காரர் ‘இவனை உடனே இந்திய அணியில் சேர்க்கவேண்டும்’ என்றும், இன்னொருவர் ‘ஐந்து வருடம் பொத்தி வைக்கவேண்டும்’ என்றும் வாதிட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, இருவருமே ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்று தோன்றியது. இருவரும் பையனின் வயதைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். அவன் போய் இறங்கவிருக்கும் வயலைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

இலக்கியம் பேசும் தளத்தில் கிரிக்கெட் எதற்கு என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். திறமை முளைவிடுவதும், அதைப் பெயர்த்து நடுவதும், நட்ட இடத்தில் அது பிழைப்பதும் பட்டுப்போவதும் நமக்கு அந்நியமான விஷயங்கள் அல்ல என்பது என் சமாதானம். சிறுபத்திரிகை என்ற ஒன்று எதற்காக இருந்தது என்று யோசித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும்.

நடவு என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் பேஸ்பால் ஆட்டத்தில் இளைஞர்களைப் பயிற்றும் கீழ்நிலைக் குழுக்களின் அமைப்பைப் ‘பண்ணை’ என்றே அழைக்கிறார்கள். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி என்பவர் உருவாக்கிய முறை அது. பணக்கார அணிகளோடு போட்டியிட்டு ஆட்களை விலைக்கு வாங்க முடியாத நிலையில், சிறு நகரங்களின் குழுக்களைத் தன்வசப்படுத்தி, அங்கே பையன்களை வளர்த்து மேலே கொண்டுவந்தார். இன்று ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே, ஆரம்பப் பயிற்சிக் களங்கள் நீங்கலாக, நான்கு படிகளில் நான்கு குழுக்கள் இருக்கின்றன. எந்தப் பையனை எந்தப் படியிலிருந்து எப்போது ஏற்றுவது என்பதில்தான் அந்த ஊர் ரசிகர்கள் பாதி ஆயுளைச் சண்டையில் கழிக்கிறார்கள்.

நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சண்டை வேறொரு பெயரில் பழக்கமானதுதான். கன்னிப்பூவுக்கு நாற்றுப் பாவிவிட்டு, பேச்சிப்பாறை அணை எப்போது திறப்பார்கள் என்று ஆள் ஆளுக்குக் கணக்குப் போடும் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குறுகிய கால ரகம் என்றால் 18 முதல் 22 நாள், மத்திய கால ரகம் என்றால் 25 முதல் 30 நாள், நீண்ட கால ரகம் என்றால் 35 முதல் 40 நாள். இதுதான் நாற்றின் வயது. மாதத்துக்கு ஒரு வாரம் என்று வாய்ப்பாடாகச் சொல்வார்கள். மூன்று மாதப் பயிருக்கு மூன்று வாரம். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டாலும் வயலில் நிற்பவரிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைக்கும். இளசாகப் பிடுங்கினால் ஆழமான தண்ணீரில் அழுகும். முற்றவிட்டால் தூர் கட்டாது, நட்ட சூட்டிலேயே அவசரமாகக் கதிர்விட்டு ஏமாற்றும். இந்த வாய்ப்பாட்டில் நான் கவனிப்பது ஒன்றை. நாற்றின் வயது அந்தப் பயிர் எவ்வளவு காலம் நிற்கவேண்டும் என்பதைப் பொறுத்தது. நெடுங்காலம் நிற்கவேண்டியது நாற்றங்காலிலும் கூடுதல் நாள் இருக்கும்.

இனி லட்சுமண் சிவராமகிருஷ்ணனின் கதை. தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டில் இதைவிட மனத்தைக் கலக்கும் கதை வேறொன்று எனக்குத் தெரியாது.

1965 டிசம்பர் 31 அன்று பிறந்தவர். 1981-82 பருவத்தில் டெல்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமாகி, இரண்டாம் இன்னிங்ஸில் 28 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். மெலிந்த உடல், உயரமும் குறைவு. ஆனால் பந்து கையை விட்டு மேலே எழும்பி, கண்ணுக்கு மேலே ஒரு கணம் தங்கி, பிறகு விழும். அந்த ஒரு கணத்துக்காகவே லெக் ஸ்பின் என்ற கலை இருக்கிறது. 1983 ஏப்ரலில், 17 வயதும் 118 நாட்களும் ஆனபோது, ஆன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்ட் ஆட இறக்கப்பட்டார். அன்றைக்கு இந்தியாவின் மிக இளைய டெஸ்ட் ஆட்டக்காரர் அவர்தான். விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து மேற்கிந்திய மட்டையாளர்களுக்கு எதிரே பதினேழு வயது லெக் ஸ்பின்னரை நிறுத்துவது எப்படிப்பட்ட காரியம் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

அதோடு நின்றிருந்தால் அது சிறு சறுக்கலாக முடிந்திருக்கும். ஒன்றரை ஆண்டு கழித்து, 1984 நவம்பர் இறுதியில் தொடங்கிய பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்தை 64 ஓட்டங்களுக்கு 6, 117 ஓட்டங்களுக்கு 6 என்று சுருட்டினார். இந்தியா எட்டு விக்கெட்டில் வென்றது. அடுத்து 1985 மார்ச்சில் மெல்போர்னில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் ஜாவேத் மியாண்டட் ஏமாந்து ஸ்டம்பிங் ஆன அந்தப் பந்து, பார்த்தவர்கள் இன்றும் கையால் சுழற்றிக் காட்டிச் சொல்லும் பந்து. இருபது வயதுகூட ஆகவில்லை. எல்லோரும் அடுத்த பதினைந்து வருடங்களைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். 1986 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் அவர் ஆடிய டெஸ்ட்தான் கடைசி டெஸ்ட். மொத்தம் 9 ஆட்டங்கள், 26 விக்கெட்டுகள். 1987 உலகக் கோப்பையில் மீண்டும் தலைகாட்டினார், அவ்வளவுதான். மற்றவர்கள் டெஸ்ட் வாழ்க்கையைத் தொடங்கும் வயதில் இவருடையது முடிந்துவிட்டது.

இதற்கு அவரவர் ஒரு காரணம் சொல்வார்கள். பந்தின் மிதப்பு போனது, நம்பிக்கை போனது, சிறுவனுக்குப் புகழைத் தாங்கத் தெரியவில்லை என்று. கடைசிக் காரணத்தை நான் ஏற்பதில்லை. புகழைத் தாங்கத் தெரியாததற்குப் பதினெட்டு வயதுப் பையனைக் குற்றம் சொல்வது, மழை தாங்காத கூரைக்கு ஓலையைத் திட்டுவது போன்றது. கூரை வேய்ந்தவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா? லெக் ஸ்பின் என்பது மிக நீண்ட காலப் பயிர். விரலும் மணிக்கட்டும் தோளும் இடுப்பும் ஒத்திசைந்து பழக ஆயிரக்கணக்கான ஓவர்கள் வேண்டும். அந்த ஒத்திசைவு கலைந்துபோனால் அதை மறுபடி கட்டிக்கொள்ள வெளிச்சம் படாத ஓர் இடம் வேண்டும். அவர் அடி வாங்கியது, தடுமாறியது, பிடியைத் தேடியது எல்லாம் நாடு பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில் நடந்தன.

இதற்கு அச்சு அசலான இணை அமெரிக்காவில் உண்டு. டேவிட் கிளைட் என்ற பந்து எறிபவனை 1973இல் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் அணி முதல் தேர்வாக எடுத்தது. பள்ளி முடித்த கையோடு, பண்ணையின் ஒரு படியைக்கூட மிதிக்காமல், ஜூன் 27 அன்று 18 வயதில் நேரே பெரிய அணிக்காகக் களத்தில் நின்றான். காரணம் எளிமையானது. மைதானம் காலியாகக் கிடந்தது, உரிமையாளருக்குக் கூட்டம் தேவைப்பட்டது. அன்று 35,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பையன் அந்த ஆட்டத்தை வென்றும் கொடுத்தான். ஓரிரு ஆட்டங்களுக்குப் பிறகு அவனைக் கீழே அனுப்பவேண்டும் என்று சொன்ன பயிற்சியாளரின் பேச்சு எடுபடவில்லை. மொத்தம் 18 வெற்றிகள். 1979க்குப் பிறகு அவன் பெரிய அணி எதிலும் ஆடவில்லை. அப்போது வயது 24.

கிளைட் விஷயத்தில் அவசரம் யாருடையது என்பது தெளிவு. பணத்துக்காகப் பறித்த பிஞ்சு. நம் ஐபிஎல் ஏலத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு 1 கோடியே 10 லட்சம் கொடுத்தபோதும் அவசரம் யாருடையது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பையன் நன்றாக ஆடிவிட்டதால் அந்தக் கேள்வி செல்லாது என்று ஆகிவிடாது.

உடனே ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. எஸ். வெங்கட்ராகவன் 1965இல் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கும் 19 வயதுதான். அதே தொடரில் டெல்லியில் 12 விக்கெட் எடுத்தார். ஆனால் அவர் 1983 வரை ஆடினார், 57 டெஸ்ட்டுகள், 156 விக்கெட்டுகள். அதே சென்னை, அதே சுழல் பந்து, ஏறக்குறைய அதே வயது. ஒருவர் நிலைத்தார், மற்றவர் நிலைக்கவில்லை. ஆஃப் ஸ்பின் எளிது, லெக் ஸ்பின் கடினம் என்று சொல்லி நழுவிவிடலாம்தான். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. வெங்கட்டின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால் அது ஏற்றமும் இறக்கமுமாகவே இருக்கிறது. பிரசன்னா, பேடி, சந்திரசேகர் என்ற மூவருக்கு நடுவே அவர் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தார். வெளியே போகும்போதெல்லாம் அவருக்கு ஒரு வீடு இருந்தது. தமிழ்நாட்டு அணி இருந்தது, சென்னை லீக் இருந்தது, கையில் பொறியியல் படிப்பு இருந்தது. கீழே இறங்குவது அவருக்கு அவமானமாக ஆக்கப்படவில்லை, வழக்கமாக இருந்தது. பதினெட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்ததன் ரகசியம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அண்மைக் காலத்தில் வாஷிங்டன் சுந்தர். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் காயம்பட்டவர்களின் வரிசை நீண்டுபோனதால், 2017க்குப் பிறகு ஒரு முதல்தர ஆட்டம்கூட ஆடாத 21 வயதுக்காரரை டெஸ்ட்டில் இறக்கினார்கள். 62 ஓட்டங்களும் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகளும் எடுத்தார். பிறகு நெடுங்காலம் டெஸ்ட் அணியில் இடமில்லை. 2024 அக்டோபரில் டெல்லிக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக 152 அடித்த கையோடு அழைப்பு வந்தது. பூனாவில் நியூசிலாந்தின் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கீழே போய் மேலே வந்த வாஷிங்டன் பிரிஸ்பேனின் வாஷிங்டனைவிட முழுமையானவர்.

மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். பொறுமை என்ற பெயரில் நம் ஊரில் முற்றவிட்ட நாற்றுகள் எத்தனை! எஸ். பத்ரிநாத் முதல்தர ஆட்டங்களில் 10,000 ஓட்டங்களுக்கு மேல், சராசரி 50க்கும் மேல். டெஸ்ட் வாய்ப்பு 2010இல், 29 வயதில் வந்தது. முதல் இன்னிங்ஸில் 56 அடித்தார். மொத்தமே இரண்டு டெஸ்ட்டுகள். எஸ். ஷரத் 8,000 ஓட்டங்களுக்கு மேல் குவித்தும் இந்தியச் சட்டையைப் போடாமலே ஓய்வு பெற்றார். அவர்கள் காலத்து இந்திய நடுவரிசையில் இடமில்லை என்பது உண்மை. அணை திறக்காவிட்டால் நாற்று என்ன செய்யும்? ஆனால் வயலில் தண்ணீர் இருந்தும் நடாமல் வைத்திருந்த கதைகளும் உண்டு. சிகாகோ கப்ஸ் அணி 2015இல் கிரிஸ் பிரையன்ட் என்ற மட்டையாளரைப் பருவத்தின் முதல் இரண்டு வாரம் கீழே நிறுத்திவைத்தது. ஆறு முழு ஆண்டுகள் ஆடினால் ஆட்டக்காரர் விடுதலை பெற்று வேறு அணிக்குப் போகலாம் என்பது விதி. ஓர் ஆண்டு என்பது 172 நாள். பிரையன்டுக்கு அந்த ஆண்டில் 171 நாள் வந்தது. அவர் முறையிட்டார், 2020இல் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. அந்த அணி சொன்ன காரணம், பையன் தடுப்பாட்டத்தில் இன்னும் தேறவேண்டும் என்பது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான். ‘இன்னும் பக்குவம் வரவில்லை’ என்ற சொற்றொடரை எங்கே கேட்டாலும், சொல்பவருக்கு அதில் என்ன லாபம் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தக் கதையிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் வேளாண்மை மறுபடி உதவுகிறது. இருபது வருடங்களுக்கு முன் ஒற்றை நாற்று நடவு நம் பகுதிக்கு வந்தபோது பெரியவர்கள் சிரித்தார்கள். மடகாஸ்கரில் ஒரு பாதிரியார் 1980களில் வகுத்த முறை, இங்கே திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் சூட்டப்பட்டது. பதினான்கு நாள் நாற்றை, அதுவும் குத்துக்கு ஒன்றே ஒன்றை நடவேண்டுமாம். வாய்ப்பாட்டுக்கு முற்றிலும் விரோதம். ஆனால் சரியாகச் செய்தவர்களின் வயலில் ஒற்றை நாற்று குடை விரித்தாற்போலத் தூர் கட்டியது. ஏனென்றால் அவர்கள் வயலையும் மாற்றினார்கள். நிலத்தைச் சமப்படுத்தினார்கள், தண்ணீரை நிறுத்திவைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டார்கள், ஒவ்வொரு நாற்றுக்கும் 25 சென்டிமீட்டர் இடைவெளி கொடுத்தார்கள், வேரில் மண்ணோடு அலுங்காமல் எடுத்து நட்டார்கள். பழைய வயலில் பழைய வெள்ளத்தில் பதினான்கு நாள் நாற்றை நட்டவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆக, சீக்கிரம் ஏற்றலாம். ஏற்றுகிறவர்கள் தங்கள் வயலில் என்ன மாற்றம் செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லவேண்டும். முதல் மூன்று ஆட்டத்தில் தோற்றாலும் நான்காவது உண்டு என்ற உறுதி இருக்கிறதா? கூடவே ஒரு மூத்தவர் அறையில் இருக்கிறாரா? படிப்பு என்ன ஆகும்? திருப்பி அனுப்பினால் அதை ‘நீக்கம்’ என்று தலைப்புப் போடாமல் இருக்க நம் பத்திரிகைகளுக்குத் தெரியுமா?

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டில் அரிசி இருப்பவர்களுக்குப் பொருந்தும். நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்குப் போனால் கணக்கு மாறிவிடுகிறது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று நீளும் அந்தக் கரையில் கால்பந்து சோற்றோடு கலந்தது. எல்லைக்கு அப்பால் இருக்கும் பொழியூரையும் சேர்த்தால், சந்தோஷ் கோப்பைக்கு ஆட்களை அனுப்பிய கரை என்றே சொல்லலாம். ஆனால் அங்கே ஒரு பையன் காத்திருக்கும் காலத்துக்கு ஒரு விலை உண்டு. பதினெட்டில் அவனுக்கு ஒரு கிளப் கிடைக்காவிட்டால், பத்தொன்பதில் அவன் ஆழ்கடல் விசைப்படகில் இருப்பான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது அந்தப் படகுகளுக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.

இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 1994இல் பிறந்தவர். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடும்போது 22 வயது. ஜாம்ஷெட்பூர் வழியாக ஐஎஸ்எல்லுக்கு வரும்போது 24ஐ நெருங்கிவிட்டார். 2019-20இல் கோப்பை வென்ற கொல்கத்தா அணியில் அவரும் உண்டு. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பரில், காயம் அவரை அந்தப் பருவம் முழுக்க உட்காரவைத்தது. ஐரோப்பாவில் 22 வயதில் ஒருவன் ஐந்து வருட அனுபவஸ்தன். இங்கே அது தொடக்கம். கால்பந்தில் காலின் வேகம்தான் மூலதனம், அது முப்பதில் வற்றத் தொடங்கும். சூசைராஜுக்கு ஏணி இருந்தது, எட்டத்தில் இருந்தது. இந்தக் கரையிலிருந்து திருவனந்தபுரம் பக்கம், சென்னையோ எழுநூறு கிலோமீட்டர். 1956 நவம்பர் 1க்குப் பிறகு நம் ஏணிகள் எல்லாம் வடக்கே திரும்பிவிட்டன. மொழிக்காக அதை மனமார ஏற்றவன்தான் நானும். ஆனால் பந்துக்கு மொழி தெரியாது.

அதனால் கிரிக்கெட்டுக்கு ஒரு நியாயமும் கடற்கரைக்கு ஒரு நியாயமும் நான் வைத்திருக்கிறேன். ரஞ்சி ஆட்டக்காரருக்கு இன்று நிலைமை முன்பைவிட மேல். 2021இல் அறிவித்த விகிதப்படி, இருபது ஆட்டம்வரை ஆடியவருக்கே ஒரு நாளுக்கு 40,000 ரூபாய். ஏழு லீக் ஆட்டங்கள் நான்கு நாளும் ஆடினால் பதினொரு லட்சத்தைத் தாண்டும். காத்திருக்கச் சொல்வதற்குக் கொஞ்சமாவது தார்மீக உரிமை அந்தத் தொகையிலிருந்து வருகிறது. ஆகவே சுழல் பந்துக்காரனை இரண்டு முழு ரஞ்சிப் பருவம் முடியாமல் மேலே ஏற்றக்கூடாது என்று என்னால் கூசாமல் சொல்லமுடியும். ஆர். அஸ்வின் 2006 டிசம்பரில் ரஞ்சிக்கு வந்து, 2011 நவம்பரில், 25 வயதில்தான் டெஸ்ட் ஆடினார். 537 விக்கெட்டுகளோடு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அந்த ஐந்து வருடம் வீண் என்று எவரும் சொல்லமாட்டார்கள். சேலத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜன், முதல் ரஞ்சிக்குப் பிறகு பந்து எறியும் முறையில் சந்தேகம் கிளப்பப்பட்டு, அதைத் திருத்திக்கொண்டு, 29 வயதில் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். கீழே ஓர் இடம் இருந்ததால்தான் திருத்திக்கொள்ள முடிந்தது.

கடற்கரைப் பையனிடம் இதே பொறுமையைக் கேட்க எனக்கு வாய் வராது. அவனுக்குப் பதினைந்தில் ஒரு விடுதி, பதினேழில் ஒரு சம்பளம், காயம்பட்டால் ஒரு மருத்துவர் என்று ஏதாவது இந்த மாவட்டத்துக்குள்ளேயே ஏற்படும்வரை, எந்த அணி கூப்பிட்டாலும் போ, எவ்வளவு சீக்கிரம் என்றாலும் போ என்றுதான் சொல்வேன்.

தோப்பில் முகமது மீரானின் முதல் நாவல் 1988இல் நூலாக வந்தபோது அவருக்கு 44 வயது என்பதை நண்பர்கள் எனக்கு நினைவூட்டக்கூடும். எழுத்தாளன் நாற்பத்து நான்கில் வரலாம். தேங்காப்பட்டணத்துக் கடற்கரையை இன்னும் முப்பது வருடம் கழித்துக்கூட அவர் எழுதியிருக்கலாம். இடதுகாற்பக்கம் ஓடும் ஆட்டக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தூத்தூர் மணலில் இன்று மாலை வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருக்கும் பதினாறு வயதுக்காரனுக்கு மிஞ்சிப்போனால் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.